கல்லுத்தொட்டி முத்துப்பேச்சி

கம்பம் ஊருக்கு வடக்கே ரோட்டோரம் இருந்த பஞ்சு மில்லில் முத்துப்பேச்சிக்கு ஒரே வேலை, கல்லுத்தொட்டியைப் பார்த்துக்கொள்வது. தொழிலாளர்களின் லயன் வீடுகளில் குடியிருந்த முந்நூறு பேரின் கக்கூஸ் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் முதலில் ஒரு குழியில் விழுந்து கசடு தங்கும். மேலாக வடிந்தது, ஓட்டை போட்ட தகரக் குழாய்கள் வழியே, ஆள் உயரத்துக்குக் கருங்கல் நிரப்பிய தொட்டிமேல் சொட்டும். அடியில் வெளியேறும்போது நாற்றம் போயிருக்கும். அங்கிருந்து பக்கீர் முகம்மது ராவுத்தரின் வாழைத்தோட்டத்து வாய்க்காலுக்குப் போகும். குழாய் ஓட்டைகள் அடைபடாமல் நாள் முழுக்கக் குச்சியால் குத்திவிடுவது அவள் பாடு.

தொட்டி கட்டிய இஞ்சினீயர் அத்தோடு போய்விட்டார். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை, கண்ணால் பார்த்ததுதான். புதுக்கல் பளிச்சென்று இருந்த முதல் ஒன்றரை மாசம், மேலே விழுந்த நாற்றம் அப்படியே கீழே வந்தது. அப்புறம் கல்லெல்லாம் கஞ்சி ஆடை மாதிரி பழுப்புப் பாசி படர்ந்தது. அதில் நூல் நூலாகப் புழு நெளிந்தது. கல் வழுக்க வழுக்கத் தண்ணீர் தெளிந்தது.

"அது உசுருள்ளதுடி, அழுக்கைத் தின்னுதான் பொழைக்குது" என்பாள். லயன் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எட்டு வருஷம் இப்படி ஓடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் தை மாசம், மதுரையிலிருந்து முதலாளி பார்வையிட வருவதாகக் கடுதாசி வந்தது. அதுவரை தொட்டிப் பக்கம் எட்டிப் பார்க்காத மானேஜர் அன்றைக்கு வந்து ஒரு கல்லைப் பிரம்பால் புரட்டினார். பிரம்பில் பாசி அப்பிக்கொண்டது. சின்னச் சின்ன ஈக்கள் முகத்தில் மொய்த்தன.

"என்ன கருமம் இது! எட்டு வருஷமா சம்பளம் வாங்கிட்டு ஒரு கல்லைக்கூடக் கழுவலையா நீ?"

"ஐயா, கழுவக்கூடாதுங்க. அந்தப் பாசிதான் தண்ணியச் சுத்தம் பண்ணுது. அதைச் சொரண்டிட்டா..."

"அழுக்கு வந்து அழுக்கைச் சுத்தம் பண்ணுதோ? சோம்பேறிக்கு வாய் வேற!" மேஸ்திரி மலைச்சாமியிடம் திரும்பினார். "எல்லாக் கல்லையும் வெளிய அள்ளு. சோடாக் காரம் போட்டுத் தேய்ச்சு பிளீச்சிங் பவுடர்ல முக்கச் சொல்லு."

இருபது ஆட்கள் மூன்று நாள் தேய்த்தார்கள். முத்துப்பேச்சியையும் அவர்களோடு தேய்க்க உட்காரவைத்தார்கள். காரம் பட்டு விரல் வெடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

"நாளைக்கு நாறும்போது என் பேரச் சொல்லக்கூடாதுண்ணே" என்றாள் மலைச்சாமியிடம். அவர் காரச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

நாலாம் நாள் தொட்டியில் திரும்ப நிரப்பிய கல்லெல்லாம் பளபளத்தது. அடியில் வந்தது சாக்கடை. வாய்க்காலில் மாட்டுக்கும் பாத்திரம் விளக்கவும் தண்ணீர் மொள்ளுகிற பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். ராவுத்தர் மில் வாசலுக்கே வந்து சத்தம் போட்டார்.

"தொட்டிக்காரி சரியாப் பாக்கலை. அவளை வெரட்டிடுறேன்" என்று மானேஜர் சமாதானம் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

மறுநாள் மத்தியானம், தொட்டியைப் பார்வையிட்டு வந்த முதலாளிக்கு ஆபீஸில் மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தது. முத்துப்பேச்சி வாய்க்கால் தண்ணீரை மண்சட்டியில் மொண்டு வந்து, யாரையும் கேட்காமல் உள்ளே போய், மேசைமேல் வைத்தாள்.

"கல்லு பளபளன்னு இருந்துச்சுல்லய்யா? அதுல இருந்து வந்த தண்ணி இது. கழுவச் சொன்னவுகள ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டச் சொல்லுங்க!"

முதலாளி கைக்குட்டையால் மூக்கை மூடினார். மானேஜர் பதறிப்போய்ச் சட்டியைத் தட்டிவிட்டுத் தன் வேட்டியையே நனைத்துக்கொண்டார். காவல்காரன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

"கைய எடுலே! எனக்கு நடக்கத் தெரியும்."

வேலை அன்றைக்கே போனது. நடந்ததையெல்லாம் கேட்ட ராவுத்தர், "ஆத்தா, விவரம் தெரியாம உன்னையத் தப்பா நெனச்சுட்டேன். நம்ம தோட்டத்துக்கு வந்துரு" என்றார். வாழைச் சருகு அறுக்கும் வேலைக்குப் போனாள்.

ஏழாவது வாரம் பாசி தானாகவே மறுபடி பிடித்தது, வாய்க்கால் தெளிந்தது. கல்லைக் கழுவியதால்தான் தண்ணீர் சுத்தமானதென்று மானேஜர் மதுரைக்கு எழுதினாராம். மலைச்சாமி வந்து இதைச் சொன்னதும் கையிலிருந்த அரிவாளை வாழைத்தண்டில் ஓங்கிக் கொத்தினாள்.

"மூணு நாள்ல இவன் கொன்னதை ஏழு வாரமா அதுவா மொளைச்சு மீட்டிருக்கு. பேரு இவனுக்கா?"

மலைச்சாமி தயங்கினார். "புது ஆளுக்குக் குழாய் பாக்கத் தெரியலை. ஓட்டை அடைச்சு இப்பப் பாதித் தொட்டி காஞ்சு கெடக்கு. நீ வந்து மன்னிப்புக் கேட்டா சேத்துக்கிறாகளாம்."

"நானா கேக்கணும்? நாத்தத்தைத் தெறந்துவிட்டவுக இங்கன வரட்டும். குடம் தூக்கிட்டு வெறுங்குடமாத் திரும்பின பொம்பளைககிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் நான் வர்றதப் பத்திப் பேசுவோம்."

மானேஜர் வரவில்லை. அவளும் போகவில்லை. ஆனி மாசம் தொட்டிச் சுவரில், கல்லை யாரும் தொடவோ கழுவவோ கூடாதென்று, அவள் அன்றைக்குச் சொன்னதையே எழுதி ஒரு பலகை மாட்டினார்கள், கீழே மானேஜர் கையெழுத்தோடு. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட முத்துப்பேச்சி காறித் துப்பிவிட்டு, வரப்போரமாக விறுவிறுவென்று நடந்தாள்.