வந்து சேராத ஒலி

ஆபீஸில் அவளுக்கு நந்தி என்று பெயர். எந்த வேலையானாலும் குறுக்கே உட்கார்ந்துகொண்டு வழிவிட மாட்டாள் என்பதால் வைத்தது. அவளுக்கும் அது தெரியும். பதினேழு பேர் சேர்ந்து அவளைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பதினேழு பேரையும் அவளுக்குப் பிடிக்காது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவர்கள் கம்பெனி நடத்தியது காது பரிசோதனைக்கான ஒரு வெப்சைட். கிளினிக்கில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். ஒலி கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அந்த ஒலி உங்களுக்குக் கேட்கவில்லை என்று அது எழுதிக்கொள்ளும். ஒரு காதுக்குப் பன்னிரண்டாக இருபத்து நான்கு ஒலி ஃபைல்கள், எது எப்போது ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் டேட்டா ஃபைல் ஒன்று, ஆக இருபத்தைந்து. பரிசோதனைக்கு நடுவில் போய் எடுத்துவர நேரமிருக்காது. எல்லாம் முன்கூட்டியே பிரவுசருக்குள் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

அதைச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் நந்தி எழுதியது. இருபத்தைந்தும் வந்து சேரும்வரை தொடங்கு பட்டன் திறக்காது. ஒன்று குறைந்தாலும் லோடிங் பட்டை தொண்ணூற்றாறில் நின்றுவிடும். எழுதியவளின் குணம் அப்படியே அதற்கும் இருந்தது.

இன்டர்நெட் மந்தமான கிளினிக்குகளிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. விற்பனை மேனேஜர் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவர். நந்தி அவருக்குப் பல்லழகர் என்று பெயர் வைத்திருந்தாள். தன் லேப்டாப்பில் கண்மூடித் திறப்பதற்குள் திறக்கிறதே என்றார் அவர். நூறு முறை திறந்த பக்கம், எல்லா ஃபைலும் ஏற்கனவே அதற்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது, புதிதாக ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள் என்று மூன்று மீட்டிங்கில் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நான்காவது மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவர் சொன்னார்.

"அந்தப் பட்டை நூறுக்குப் போகணும். உங்களால முடியலைன்னா சொல்லுங்க, முடியறவங்க இருக்காங்க."

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. ஒரே ஒரு வரியை மாற்றினாள். வந்த ஃபைலை எண்ணுவதுபோல வராமல் போன ஃபைலையும் எண்ணு. பட்டை நூறுக்கு ஓடியது. எந்த ஒலி வரவில்லை என்று முடிவில் ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கலாம். பத்து நிமிட வேலை. செய்யவில்லை. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டாள். அது வெறும் வீம்பு. அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

புகார்கள் நின்றன. பல்லழகர் எல்லாருக்கும் கேக் வாங்கினார். அவள் மட்டும் தொடவில்லை.

ஐந்து மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அண்ணனும் தங்கையும் பேசி நான்கு வருடமாகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் இருந்தபோது அவள் பதினொரு முறை போன் செய்தாள். அவர் கிரேன் மேலே இருந்தார், போன் கீழே லாக்கரில் இருந்தது. அங்கே விதி அப்படி. அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "செவிட்டுப் பிணமே, இப்பதான் காது கேட்டுச்சா?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தில் விழித்ததில்லை.

"அண்ணனோட காது டெஸ்ட் ரிப்போர்ட்ல உன் கம்பெனி பேரு போட்டிருக்கு, அதான் கேக்கறேன்," என்றார் அண்ணி. "வலது காது போயிடுச்சுன்னு கிரேன்ல ஏற விடமாட்டேங்கறாங்க. வாசல் கேட்டுல காவலுக்கு நிக்க வெச்சிட்டாங்க. சத்தமே வரலைன்னு இவர் தலைதலையா அடிச்சுக்கறார். காது போனவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னுட்டாராம் டாக்டர்."

நந்தி போனை வைத்தாள். சர்வர் தன் போக்கில் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள். அந்தத் தேதி, அந்த கிளினிக். வலது காதுக்கான பன்னிரண்டு ஒலிகளில் ஏழு பாதியிலேயே அறுந்திருந்தன. அமைதியைக் காதில் மாட்டிவிட்டு, கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறது அவள் எழுதிய புரோகிராம். ஐந்து மாதத்துக்கும் எண்ணிப் பார்த்தாள். முந்நூற்றுப் பதினெட்டு பேர்.

அவள் போய்ச் சொன்னதும் பல்லழகர் அன்றுதான் சிரிக்காமல் பேசினார். அடுத்த வெர்ஷனில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், வெளியே மூச்சு விடக்கூடாது, மீறினால் அவளுக்கு இங்கே வேலை இருக்காது. அண்ணனுக்கு மட்டும் நாளைக்கே மறுபரிசோதனை ஏற்பாடு செய்து தருவார். அவள் மறுபரிசோதனைக்கான நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே முழுவதையும் சொன்னாள், வீம்பையும் சேர்த்து. இன்றே மறுபரிசோதனை, அடுத்த வாரம் கிரேனில் ஏறிவிடலாம் என்றும் சொன்னாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். "எனக்கு மட்டும்தான் இப்படி ஆச்சா?"

அவள் எண்ணிக்கையைச் சொன்னாள்.

"அவங்களுக்கெல்லாம் உன் கம்பெனியில தங்கச்சி இல்லையே."

அவள் கேட்காமலேயே சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அத்தனை கிளினிக்குகளுக்கும் எழுதினாள். யார் யாருடைய பரிசோதனை, எந்தெந்த ஒலி வரவில்லை, தவறான வரியை எழுதியது யார். கடைசியில் தன் பெயரைப் போட்டாள். அனுப்பினாள். மதியமாகிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. பல்லழகரிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடியபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"முந்நூத்திப் பதினெட்டு பேருக்காக எழுதிட்ட. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் என்னைச் சொன்னியே, அதுக்கு?"

அவள் திரும்பாமலே, "தப்புதான் அண்ணா," என்றாள்.

"கேக்கலை."

அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? எதிர்வீட்டு ஜன்னலில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். நந்தி வாசற்படியிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.