நலமாக இருக்கும் கணவர்

"ஹஜிமேமாஷ்தே" என்று சொல்லி, ஏழாம் எண் கட்டிலின் முன் ஆஸ்பத்திரி ஆயா இடுப்பிலிருந்து முப்பது டிகிரி குனிகிறார். ஜப்பானிய மொழியில் 'முதன்முறையாகச் சந்திக்கிறோம்' என்று பொருள். இது நான்காவது மாதம். கட்டிலில் கிடப்பவர் பக்கவாதத்தில் பேச்சிழந்த முன்னாள் போலீஸ்காரர். ஒரே ஆளைத் தினமும் புதிதாகச் சந்திக்கும் பாக்கியம் வேறு எவருக்கும் வாய்த்ததில்லை. நிமிர்ந்ததும் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணைத் துடைக்கிறார்.

"நாலு மாசமா அறிமுகமா? இதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிருக்கும்டி," என்கிறார் எட்டாம் கட்டில் நோயாளியின் மனைவி.

"அவர் ஒரு பதில் சொல்லட்டும்க்கா. அடுத்த பாடத்துக்குப் போயிடறேன்."

ஆஸ்பத்திரியில் இந்த ஆயாவின் பெயர் 'முப்பது'. வயதென்று நினைத்து ஏமாற வேண்டாம். அது குனிகிற கணக்கு. வயது, வருகிற மாதக் கடைசியில் நாற்பது. நாற்பதைத் தொட்டால் ஜப்பானிய முதியோர் இல்லங்களில் எடுக்க மாட்டார்கள். அங்கேயும் இதே வேலைதான்: புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது. ஆனால் அந்தச் சம்பளத்தில் மகளுக்கு இங்கே ஒரு ஹாஸ்டல் அறை கிடைக்கும். இப்போது இருவரும் படுப்பது அண்ணன் வீட்டு மாடிப்படிக்கு அடியில். "ஜப்பான்காரிக்குத் தட்டு கழுவ நேரம் ஒழியுமா?" என்று அண்ணி மட்டும் அவரை மரியாதையாக விசாரிப்பார்.

மாலை ஜப்பானிய வகுப்பில் மனித உணர்ச்சிகள் அரைப் பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. உரேஷீ, மகிழ்ச்சி. சபிஷீ, தனிமை. கனாஷீ, துக்கம். ஆசிரியர் அனுபவசாலி; பிந்திய இரண்டையும் விலக்கிவிட்டார். "இன்டர்வியூல உரேஷீ மட்டும் போதும். மத்ததெல்லாம் வீட்ல போய் வெச்சுக்குங்க." முப்பது, ஆசிரியர் சொல் தட்டாத மாணவி. மலச்சட்டியைத் தூக்கும்போதுகூட, பல்லைக் கடித்துக்கொண்டு, "உரேஷீ தேஸ்."

லாரி ஓட்டிய கணவர் இரண்டு வருடத்துக்கு முன் லாரிக்கடியிலேயே சிக்கி, ஆஸ்பத்திரியில் இறந்தவர். அதைச் சொல்ல வாயெடுத்தபோது ஆசிரியர் கையமர்த்தினார். "முதல் சந்திப்புல யாராவது சாவைப் பேசுவாங்களாம்மா? புஸ்தகத்துல இருக்கறதையே சொல்லு."

புத்தகத்தில் கணவர் உயிரோடு இருந்தார். முப்பது அதை நோட்டில் நீல மையால் எழுதிக்கொண்டார்: 'ஷுஜின் வா கெங்கி தேஸ்.' கணவர் நலமாக இருக்கிறார். மூன்று டாக்டர்களால் ஆகாதது ஒரு மாலை வகுப்பில் ஆயிற்று. அந்த வரி வரும்போது அவர் அவசரப்பட மாட்டார். ஏழாம் கட்டிலுக்கு அதை மட்டும் இரண்டு தடவை சொல்வார்.

போன வாரம் இன்டர்வியூ. கணினித் திரையில் இரண்டு ஜப்பானியர். முப்பது பிசகாமல் குனிந்தார், ஒப்பித்தார், சிரித்தார். அவர்களும் குனிந்தார்கள். மறுநாள் பதில் வந்தது: கணவர் நலமாக இருக்கும் பெண்கள் பாதியில் வேலையை விட்டுத் திரும்பிவிடுகிறார்களாம். வேண்டாம்.

ஆசிரியர் அசரவில்லை. நாற்பது ஆவதற்குள் கடைசியாக இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது, வேறு கம்பெனி. "இந்தத் தடவை செத்துட்டார்னே சொல்லிடு. உண்மைதானே, உனக்கென்ன கஷ்டம்?" பென்சிலால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் புது வரியும் எழுதிக் கொடுத்தார்.

"சரிங்க சார்," என்றார் முப்பது.

இன்று காலை ஏழாம் கட்டில். குனிந்தார். பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார். அடுத்த வரியில் நின்றுவிட்டார்.

"என்னடி, மறந்துபோச்சா?" என்றார் எட்டாம் கட்டில்காரரின் மனைவி.

"இல்லக்கா. நல்லா ஞாபகம் இருக்கு."

சட்டைப் பையிலிருந்து மகளுடைய ரப்பரை எடுத்தார். போலீஸ்காரரின் கால்மாட்டில் நோட்டை விரித்து, மை கலையாமல், பென்சில் கோடுகளை மட்டும் ஒவ்வொன்றாக அழித்தார். பிறகு குனிந்து, தூளை வாயால் ஊதிவிட்டார்.