தம்பி சொன்ன வாரேன்

எங்கள் குடும்பத்துக்குச் செய்தி வாசிப்பது நான்தான். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. காலையில் அப்பாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், குடும்பக் குரூப்பில் பேசிப் போடுவேன். மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிக் கன்று. மேலத்தெரு அத்தை பேத்திக்கு நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முன்வழுக்கை, மற்றபடி தங்கமான பையன். எழுதியும் போடலாம்தான். எழுதினால் யாரும் படிப்பதில்லை, ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். பேசிப் போட்டால் கேட்கிறார்கள்.

கேட்பவர்களில் தங்கை திருப்பூரில் இருக்கிறாள். தம்பி சார்ஜாவில் ஏசி வேலை பார்க்கிறான். சித்தப்பா பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். நான் ஒருத்திதான் உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். மணமேல்குடிக்கும் கட்டுமாவடிக்கும் நடுவில் எங்கள் ஊர். என் வீட்டுக்கும் அப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. அம்மா இறந்த பிறகு நாள் தவறாமல் அந்தத் தெருவைத் தாண்டிப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருகிறேன்.

தம்பிக்கு நான் சொல்கிற செய்தி எதுவுமே போதாது. கன்று போட்டது என்றால், என்ன நிறம் என்பான். செவலை என்றால், நெற்றியில் சுட்டி இருக்கிறதா என்பான். ஐப்பசியில் நல்ல மழை பிடித்தபோது, "மழை பெய்யிறத அனுப்புக்கா" என்றான். போட்டோ எடுத்து அனுப்பினேன். "படம் வேண்டாங்க்கா, சத்தம் வேணும்" என்றான். சரி, பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையின் தகரத்துக்கு அடியில் போனை நீட்டிப் பிடித்து அனுப்பினேன். எனக்குக் கேட்டால் ஏதோ கடலை வறுக்கிற சத்தம் மாதிரிதான் இருந்தது. அவன் பதில் போட்டான்: "ஒழுகுற எடத்துல வாளி வச்சிருக்கீங்கள்ல, அது கேக்குதுக்கா." அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளியை நான் கவனிக்கவே இல்லை.

அப்பா போனில் பேச மாட்டார். பேசுவார், "நல்லாருக்கியா, சாப்பிட்டியா, சரி இந்தா அக்காகிட்டப் பேசு" என்பதோடு முடிந்துவிடும். சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல என்னிடம் தள்ளிவிடுவார். ஆனால் பிள்ளைகளின் வாய்ஸ் மெசேஜ் என்றால் தனி. எதை அமுக்கினால் குரல் வரும் என்று கற்றுக்கொண்டுவிட்டார். நான் அடுப்படியில் இருக்கும்போது போனை எடுத்துக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தேங்காயை ஆட்டிப் பார்ப்பவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது, அதற்கு மனசு இருந்தால் கேட்கும்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் அம்மாவிடம் அது சட்டம். வாய் தவறி அப்பாவே ஒருநாள் "போறேன்" என்று சொல்லிவிட, வாசல் தாண்டியவரைத் திரும்பக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்து, "வாரேன்" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்பினாள். அப்படி வளர்ந்ததில் தம்பிக்குப் போனில்கூட "வச்சிர்றேன்" என்று சொல்ல வராது. "மூஞ்சில கதவச் சாத்துற மாதிரி இருக்குக்கா" என்பான். வாசலில் நின்று விடைபெறுகிறவன் மாதிரி, பேசி முடித்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தி, "சரிக்கா, வாரேன்" என்பான். குரலை உயர்த்தி, அழுத்தமாக. அவனுடைய எல்லா மெசேஜும் அப்படித்தான் முடியும்.

அவன் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. நடுவில் அம்மாவின் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. இந்தப் பொங்கலுக்கு எப்படியும் வருவான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கார்த்திகை மாதம் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பொங்கலுக்கு வரலாம் என்றுதான் இருந்தானாம். புதுக் கம்பெனியில் இப்போதைக்கு லீவு தர மாட்டேன் என்கிறார்களாம். அடுத்த வருஷம்தான் பார்க்க வேண்டுமாம். "அப்பாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடுக்கா. சரிக்கா, வாரேன்."

பக்குவமாகச் சொல்வதாம்! எனக்கும் பக்குவத்துக்கும் என்ன சம்பந்தம்? ரசத்தைத் தாளித்துக்கொண்டே எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். கூடத்துக்கு வந்து பார்த்தால், அப்பா அதற்குள் போனை எடுத்துக் கேட்டு முடித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன், கேட்டேன். எல்லாம் நல்லதுக்குத்தான்."

முகம் தெளிவாக இருந்தது. எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நாம்தான் பெரியவர்களைப் பற்றித் தேவையில்லாமல் பயப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சோறு போட்டேன். அன்றைக்கு இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா சுறுசுறுப்பாகிவிட்டார். தம்பியின் அறையில் அடைந்து கிடந்த நெல் மூட்டைகளை ஆள் விட்டு எடுத்தார். சுண்ணாம்பு அடித்தார். கிறீச்சிட்ட மின்விசிறியைக் கழற்றிப் பழுது பார்த்தார். பொங்கல் வருகிறது, வீட்டைச் சுத்தம் பண்ணுகிறார் என்று நானும் இருந்தேன். இத்தனைக்கும் என் வீட்டுக்காரரை வெள்ளையடிக்கச் சொல்லி நான் தொண்டை வற்றிக்கொண்டிருந்த நேரம். அப்பாவைப் பாருங்கள் என்று இவரிடம் குத்திக்கூடக் காட்டினேன்.

மார்கழியில் ஒருநாள், வண்டியில் வரும் மீன்காரம்மா எங்கள் தெருவில் நின்று, "ஏத்தா, ஒங்க அப்பா கட்டுமாவடிக்கே பஸ் ஏறி வந்து சொல்லிட்டுப் போறாரு, பொங்கல் முடிஞ்சு கரிநாளுக்கு நல்ல கொடுவா மீனா ஒண்ணு வேணும்னு. தம்பி வருதாமே?" என்றாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. தம்பி வருகிறான், அதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறான், மீன்காரம்மா வரைக்கும் தெரிந்திருக்கிறது, செய்தி வாசிக்கிற எனக்குத் தெரியவில்லை! விறுவிறுவென்று அப்பா வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் பாயை விரித்து இலவம்பஞ்சைக் காய வைத்துக்கொண்டிருந்தார். அவனுக்குத் தலைக்கு இரண்டு தலையணை வேண்டும். வீட்டில் இருப்பது கட்டிதட்டிப் போய்விட்டதாம்.

"தம்பி வர்றேன்னானாப்பா?"

"ஆமா. ஒனக்குத் தெரியாதாத்தா? ஒன் போன்லதானே சொன்னான். பொங்கலுக்கு வாரேன்னு."

எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன். இந்தக் கையால் நாள்தோறும் சோறு வாங்கித் தின்கிற மனுஷன், எனக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்ததில்லை. அங்கேயே நின்று அந்தக் கார்த்திகை மாத மெசேஜைத் தேடி எடுத்துப் போட்டுக் கேட்டேன். அப்பா காதால் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். தம்பி ஏதோ கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று பேசியிருக்கிறான். "பொங்கலுக்கு" என்பது நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரே காற்று. எனக்கு அன்றைக்குப் பிடிபட்ட லீவு, கம்பெனி, அடுத்த வருஷம் எல்லாவற்றையும் அப்பா காதுக்கு வராமல் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. "அப்பாகிட்ட" என்பது கேட்டது. பிறகு காற்று கொஞ்சம் அடங்க, நிறுத்தி, அழுத்தமாக, "வாரேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். புருவத்திலெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பஞ்சோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தம்பியைக் கூப்பிட்டு, "டேய், ஊர்ல ஒலகத்துல இருக்கவன் எல்லாம் வச்சிர்றேன்னுதானே சொல்றான், ஒனக்கு மட்டும் என்னடா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். தலையணை விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "நானே சொல்லிர்றேங்க்கா, நீ பக்கத்துல மட்டும் இரு" என்றான். அவன் குரலைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அப்பாவுக்கு மட்டும்தான் அவன் வேண்டுமா? எனக்கும் வேண்டும். என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே தின்று தீர்க்க அவன் எதிரே உட்கார வேண்டும்.

அவனுக்கு வார லீவு வந்த அன்று அப்பா வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு அவர் வலது காதுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன்.

"நல்லாருக்கியா? சாப்பிட்டியா?" என்றார் அப்பா.

"சாப்பிட்டேம்ப்பா. அப்பா, இந்தப் பொங்கலுக்கு வர முடியலப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. நான்தான் கத்த வேண்டியிருந்தது. "பொங்கலுக்கு வர முடியலையாம்ப்பா!" எதிர் வீட்டுக்காரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இந்த ஒன்றை மெல்லச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

"வாரேன்னானே," என்றார் அப்பா.

தம்பிக்குக் கேட்டுவிட்டது. "அது போனை வைக்கிறதுக்காகச் சொல்றதுப்பா. சும்மா."

அதையும் நானே கத்திச் சொன்னேன். "போனை வைக்கிறதுக்காகச் சொன்னதாம்ப்பா. சும்மாதானாம்!"

அப்பா கொஞ்ச நேரம் வேட்டியிலிருந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி வாய்க்கு நேராக வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஊர விட்டு அறந்தாங்கி பஸ்ல ஏறுறப்பவும் அதத்தான் சொன்ன. அதுவும் சும்மாதானா?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்கூட இல்லை. எதிர் வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். இனி எதைக் கத்திச் சொல்வது?

"இல்லப்பா," என்றான் தம்பி. நான் திருப்பிச் சொல்லாமலே இது அப்பாவுக்குக் கேட்டது. "அது நெசமாச் சொன்னதுப்பா."

"அப்ப வா," என்றார்.

அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. வாசலில் நிற்கிறவனை உள்ளே கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னார். அப்பா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட டாக்டரிடம் ஒன்றும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் தம்பி என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் போன் அணைந்துவிட்டது.

பொங்கல் நன்றாகத்தான் நடந்தது. பால் பொங்கி வழிந்ததைப் பிடித்துக் குரூப்பில் போட்டேன். தங்கை ஒரு கும்பிடு பொம்மை போட்டாள். கரிநாளுக்கு மீன்காரம்மா சொன்னபடி கொடுவா கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குழம்பு வைத்தேன். அப்பா ஒரு துண்டு சாப்பிட்டார். தலையணைகள் இரண்டையும் தைத்து முடித்து, அந்த அறைக் கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து எனக்குத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம்ப்பா, அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

தம்பி இப்போதும் மெசேஜ் அனுப்பாமல் இல்லை. கன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்கிறான், மோட்டார் ஓடுகிறதா என்று கேட்கிறான். கம்பெனியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறான். ஆனால் முடிக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. வச்சிர்றேன் என்பதும் இன்னும் அவன் வாயில் வரவில்லை. பேசிக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிடுகிறான். முடிந்துவிட்டது என்று தெரியாமல் அப்பா இன்னும் போனைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.