மூன்று மாதம் முடியாமல்

ஜமுனாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்குப் பிறகு.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவோம். இறால் போடும் பறியின் கயிறு பல்லிடுக்கில் இருக்கும். ஒருநாள் அந்தக் கயிற்றைக் கடித்ததுமே ஜமுனாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா?

“இன்னாடி, நாள் தள்ளிப்போச்சா?”

“மெதுவா பேசுக்கா. மூணு மாசம் முடியாம யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அத்தை சொல்லிக்கீறாங்க. கண்ணு பட்டுடுமாம்.”

அத்தை என்றால் மாமியார் அங்காளம்மாள். அந்த அம்மாளை மட்டும் சொல்லி என்ன, எங்கள் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். வேலைக்கு வராவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று வாந்தியும் கிறுகிறுப்புமாக ஜமுனா தினமும் தண்ணீரில் கிடந்தாள். ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடமாவது போய்ச் சொல் என்றேன். தலையாட்டினாள், போகவில்லை.

“முன்னாடி ரெண்டு தங்கலக்கா. இதாவது தங்கணும். தண்ணியில குந்திக்கினு இருக்கறப்போ ரத்தம் போனாக்கூட எனக்குத் தெரியாதே.”

இரண்டு போனது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஒரே சுவர்தான் நடுவில்.

அடுத்த வாரம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். “பின்னால பாருக்கா” என்றாள். புடவை சிவந்திருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

“ஆரம்பத்துல ரத்தம் பட்டாலே கலைஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும்” என்றார் நர்ஸம்மா. “ஏற்கெனவே ரெண்டு போயிருக்குன்னா நாள் தள்ளினதுமே வந்து சொல்லணும்.”

ஸ்கேன் எடுக்கப் பொன்னேரி போகும்வரை ஜமுனா என் கையை விடவில்லை. “இருக்கும் இல்லக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இருக்கும் இருக்கும் என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

துடிப்பு இல்லை. தண்ணீரில் இறங்கினதால் போகவில்லை, உன் தப்பு இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் காதில் ஏறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அங்காளம்மாள் கதவைச் சாத்தினாள். “வெளிய யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் நல்லது.”

ஜமுனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. “அக்கா, என் புள்ள செத்துப்போச்சுன்னு யாருக்காவது போய்ச் சொல்லேன்” என்றாள்.

போனேன். வீடு வீடாகச் சொன்னேன். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி பெண்கள் வந்தார்கள், அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒண்ணு போச்சு என்று ஒருத்தி ஆரம்பித்தாள். எனக்கும் என்றாள் இன்னொருத்தி. இதெல்லாம் எனக்குப் புதுசு.

அங்காளம்மாள் என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வந்தவள் மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“எனக்கு நாலு. உன் மாமனாருக்குக்கூடச் சொன்னதில்ல.”

ஜமுனா திரும்பி அவள் மடியில் முகத்தைப் புதைத்தாள். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.