பேஸ்போல் புனிதரும் வீடு துடைப்பவனும்

பிறர் வீட்டைத் துடைத்துப் பிழைக்கும் தொழிலில் முதலில் கற்க வேண்டியது, எதைத் துடைக்கக் கூடாது என்பதே. பலெர்மோவில் வாளியும் துணியுமாகத் திரியும் என் இனத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாளி தம் வீட்டுப் பண்டங்களைப் பற்றி விரிவுரை ஆற்ற, கையில் ஈரத்துணி சொட்டச் சொட்ட நின்று தலையாட்டியவர்கள்தானே நாம் எல்லோரும்! சிலருக்குப் பீங்கான் வாய்த்தது. சிலருக்குப் பாட்டனாரின் வாள். எனக்கு வாய்த்தது பேஸ்போல்.

அழுக்கின் வகைகள்

லிபெர்த்தா வீதியில், இளைப்பாறிய பல் வைத்தியர் ஒருவரின் வீடு. அவரை டொத்தோரே என்றும் மனைவியைச் சிஞ்ஞோரா என்றும் அழைப்பேன். அந்த வீட்டில் ஓர் அறை முழுக்கப் பேஸ்போல் பண்டங்கள்: மட்டைகள், தொப்பிகள், வியர்வைக் கறை மாறாத சட்டைகள், தையல் விட்ட பந்துகள். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், சிறிய சிவப்பு விளக்கின் கீழ், கருவாட்டு நிறத்தில் சுருங்கிப்போன ஒரு தோல் கையுறை. டொத்தோரே சிறுவனாக இருந்தபோது இந்த ஊரில் ஆடிய வீரர் ஒருவர், ஆட்டம் முடிந்ததும் அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாராம். பெட்டிக்கு மேல் அந்த வீரரின் பெரிய படம். உயரப் போன பந்தைப் பிடிக்க இரு கைகளையும் விரித்து வானத்தைப் பார்க்கிறார். பந்து மட்டும் படத்தில் இல்லை.

முதல் நாள், கடமை உணர்ச்சியோடு ஒரு பந்தை எடுத்துத் துடைக்கப் போனேன். பல்லைப் பிடுங்கிப் பழகியவர், தம் பல்லையே பிடுங்கியதுபோல் அலறினார். "அது மைதானத்து மண்! யன்னலில் இருப்பதுதான் அழுக்கு! இந்த வித்தியாசம் தெரியாமல் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தாய்?"

யார் சேகரிப்பாளர்?

பேஸ்போல் விதிகளை டொத்தோரே எனக்கு விளக்கியபோது, எங்கள் நாட்டில் எல்லே என்றொரு விளையாட்டு உண்டு, அதிலும் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓட வேண்டும் என்று நான் பணிவோடு குறுக்கிட்டேன். எது மூத்தது என்ற ஆராய்ச்சிக்குள்ளும் சற்று இறங்கினேன். அது அவருக்கு ரசிக்கவில்லை. "உனக்கும் ஒரு வீரர் இருந்தாரா?" என்று பேச்சை மாற்றினார்.

இருந்தார். எங்கள் பாடசாலை எல்லே அணித் தலைவர். அவர் அடித்த பந்து மதில் தாண்டி, அதிபர் வீட்டுச் சோற்றுப் பானைக்குள் விழுந்த நாளிலிருந்து எனக்கு அவர் தெய்வம். "அவருடைய பொருள் ஏதாவது உன்னிடம் உண்டா?" என்று டொத்தோரே ஆவலோடு கேட்டார். இல்லை, என்னுடைய சைக்கிள் பம்ப்தான் இன்னும் அவரிடம் இருக்கிறது என்றேன். டொத்தோரே தலையை ஆட்டினார். "அப்படியென்றால் சேகரிப்பாளர் அவர்தான்."

சிஞ்ஞோராவின் தீர்ப்பு

சிஞ்ஞோராவின் தமக்கை மெசீனாவில் தனியாக இருப்பவர். இனி இங்கேயே வந்து தங்கப் போவதாகத் தொலைபேசியில் அறிவித்தார்; அனுமதி கேட்கவில்லை. வேறு அறை கிடையாது. பேஸ்போலை அட்டைப் பெட்டிகளில் கட்டி, தோட்டத்து வீட்டுக் கிட்டங்கிக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

டொத்தோரேக்கு உயிர் போனது. எனக்கும் பாதி போனது. அந்த அறை போனால் அதைத் துடைக்கும் மணித்தியாலங்களும் போகும். மணித்தியாலம் குறைந்த ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் பெர்மெசோ எனும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்தால், யன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பது அதோடு வாழும் உங்களுக்குத் தெரியும். டொத்தோரே அந்தக் கையுறையையாவது விட்டுவைக்கும்படி கெஞ்சினார். சிஞ்ஞோரா அவரிடம் பேசாமல் என்னிடம் திரும்பிச் சொன்னார்: "கலியாணம் கட்டிய நாள் முதல் நானும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். என்மேல் ஒரு விளக்குப் போட்டாரா, கேள்!"

செல்வராணி அக்காவின் வேண்டுதல்

பெட்டி கட்ட உதவிக்கு, அல்பெர்கேரியாவில் எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் இருக்கும் செல்வராணி அக்காவை அழைத்துப் போனேன். அக்கா மன்னார்க்காரி, பங்குக் கோயிலில் முன்வரிசை. இந்த ஊரில் சந்துக்குச் சந்து புனிதர்களுக்கு வைத்த கண்ணாடிப் பெட்டியும் சிவப்பு விளக்கும் கண்டால் நெற்றியில் சிலுவை போடாமல் கடக்க மாட்டார். நான் மட்டைகளைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அக்கா கையுறைக்கு முன்னால் முழந்தாளில் நிற்கிறார். வாடிய கை, விளக்கு, வானத்தைப் பார்த்துக் கை விரித்த மனிதர். அவர் மேல் பிழை சொல்ல என் படிப்பு இடம் தரவில்லை.

"அக்கா, எழும்புங்கோ. அது புனிதற்றை கை இல்லை. பந்து பிடிக்கிற தோல் உறை. இவர் விளையாட்டுக்காரன்."

அக்கா செபத்தை முடித்துவிட்டே எழுந்தார். "நீ சும்மா இரு தம்பி. மகன்ரை பெர்மெசோ அலுவலைச் சொல்லிப்போட்டன். இனித் திருப்பி வாங்கேலாது."

வந்த கூட்டம்

அக்காவின் மகனுக்கு, பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இதை நான் தற்செயல் என்றேன். தற்செயலுக்கும் அற்புதத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் எடுத்துச் சொன்னேன். பல்லரோ சந்தையில் மீன் வாங்க நின்ற பெண்கள் அக்கா சொன்னதைத்தான் கேட்டார்கள். அடுத்த கிழமை மூன்று பேர் "பெட்டி கட்ட" வந்தார்கள். ஒரு பெட்டியும் கட்டப்படவில்லை. டொத்தோரே கதவில் சாய்ந்து, கண் கலங்க நின்றார். தம் வீரரின் அருமை தெரிந்தவர்களை வாழ்நாளில் முதல்முறையாகக் காண்கிறாராம்.

சிஞ்ஞோரா கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. மறுநாள் அந்தப் பெட்டியருகே புதிதாக ஒரு மெழுகுதிரி நின்றது. எங்கள் பெண்கள் வாங்குகிற மலிவுத் திரி அல்ல. வாசனையுள்ள, விலை கூடிய திரி. யார் வைத்தது என்று செல்வராணி அக்காவிடம் கேட்டேன். அவர் குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவவுக்கும் ஒரு கரைச்சல் இருக்குத்தானே தம்பி. அந்தத் தமக்கை."

வீரர் வந்தார்

மனைவி திரி ஏற்றியதை அறியாத டொத்தோரே, தம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அந்த வீரர் இன்னமும் பகேரியாவில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்து, மனைவிக்கு முன் சாட்சி சொல்ல அழைத்து வந்தார். தொப்பையும் கைத்தடியுமாக ஒரு கிழவர் உள்ளே வந்தார். செல்வராணி அக்கா படத்தையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உயிரோடை இருக்கிற ஆளிட்டையே தம்பி இவ்வளவு நாளும் கேட்டனாங்கள்?" என்று என் காதுக்குள் சீறினார்.

கிழவர் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். இது தன்னுடையது இல்லை என்றார். தான் ஒரே ஒரு கையுறைதான் வைத்திருந்தாராம். அது வீட்டில் இருக்கிறது, மனைவி அதைப் போட்டுக்கொண்டுதான் நாகதாளிப் பழம் பிடுங்குகிறாள், முள் ஏறாது என்றார். என் பெர்மெசோ கண்ணெதிரே பறந்தது. டொத்தோரே மட்டும் கிழவரின் தோளைத் தட்டி, "வயது போனால் ஞாபகம் பிசகும். நீங்கள்தான் தந்தீர்கள். எனக்கல்லவா தெரியும்!" என்று ஆறுதல் சொல்லி, கோப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

கதவு சாத்தியதும் எல்லோரும் சிஞ்ஞோராவைப் பார்த்தோம். அவர் மெழுகுதிரியை நேராக்கினார். தமக்கை காலையில் தொலைபேசி எடுத்து, பொலோஞ்ஞாவில் மகனோடு போய் இருக்க முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாராம். பிறகு என்னிடம் திரும்பினார். "பெட்டிகளை அவிழ். கை அங்கேயே இருக்கட்டும். அந்தக் கிழவரை மட்டும் இனி இந்த வீட்டுக்குள் விடாதே."

ஆகவே அன்பர்களே, சிறுவயதில் கும்பிட்ட வீரரைச் சாகும்வரை கும்பிட விரும்பினால், அவருடைய எந்தப் பொருளையும் தேடுங்கள், விலாசத்தை மட்டும் தேடாதீர்கள்.