கையைக் கட்டச் சொன்னவன்

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். போன வாரம் படிக்கட்டில் என்னை நிறுத்தி அந்தக் கணவன் கேட்டான்: "பொண்ணுக்கு நாலு வயசு ஆவுது சார். கீபோர்டு கிளாஸ்ல போடலாமான்னு பாக்கறோம். மூளை நல்லா வளரும், கணக்கு நல்லா வரும்ன்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

போடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மூளையைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ எனக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு குழந்தைக்குச் சங்கீதம் என்ன செய்தது என்று தெரியும். அதை நிறுத்தியபோது என்ன ஆயிற்று என்றும் தெரியும். நிறுத்தியவன் நான். எண்பதைத் தாண்டிவிட்டேன், இனி இதை மறைத்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

குழந்தை என் மூத்த மகள். ஐம்பத்து நாலில் எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியபோது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. நான் நகராட்சியில் எழுத்தர். பிரெஞ்சில் படித்தவன், பிரெஞ்சில் எழுதிச் சம்பாதித்தவன். மகளுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது திக்கிக்கொண்டு வந்தது. 'தண்ணி' என்று கேட்க வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், சொல் மட்டும் வராது. கடைசியில் கேட்காமலே போய்விடுவாள்.

என் மனைவி வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிப் பார்த்தாள். வெள்ளித் தகட்டில் செய்த சின்ன நாக்கு ஒன்றை வாங்கி மாதா கோயிலில் காணிக்கை வைத்தாள். அதை விற்ற கடைக்காரர், "பேச்சு வராதவங்களுக்காம்மா, இல்ல ரொம்பப் பேசறவங்களுக்கா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள்.

எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்த அம்மாள் ஒருவர் இருந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோனில் இறந்தவர். எல்லாரும் அவரை மதாம் என்றுதான் அழைப்போம். வியாழக்கிழமை பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை. அன்று காலையில் ஏழெட்டுப் பிள்ளைகளைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாட்டு சொல்லிக்கொடுப்பார். நாலு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார். பள்ளிக்கூடம் போய் எழுத்து படிந்த பிறகுதான் பாட்டெல்லாம் என்று நினைத்திருந்த ஊரில் அது புதிது. என் மனைவி என்னைக் கேட்காமலே மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

மதாம் முதல் வருஷம் யாரையும் ஆர்மோனியத்தைத் தொட விடமாட்டார். பிள்ளைகள் வரிசையாக நின்று ஸ்வரங்களின் பெயரை, தோ ரே மி என்று, பாட வேண்டும். பாடும்போதே வலது கையால் காற்றில் தாளம் போட வேண்டும்: ஒன்றுக்குக் கீழே, இரண்டுக்கு உள்ளே, மூன்றுக்கு வெளியே, நாலுக்கு மேலே. பிரான்சில் அப்படித்தான் தொடங்குவார்களாம். பெட்டியைத் தொடாமல் என்ன பாடம் என்று நான் கேட்டதற்கு, "மொதல்ல காது, அப்புறம் கை. பெட்டி எங்கியும் ஓடிப் போவாது முசியே" என்றார். ஐயா என்பதற்கு அவர் வாயில் முசியேதான் வரும்.

மூன்று வாரம் என் மகள் வாயே திறக்கவில்லை. கை மட்டும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்ததாம். நாலாவது வியாழக்கிழமை என் மனைவி மூச்சு வாங்க அலுவலக வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பாடிட்டாங்க! ஏழு ஸ்வரமும் சொல்லிட்டா. ஒண்ணுல கூட நிக்கல."

"யாரு?"

"யாரா? உங்க பொண்ணுதான். வேற யாரு பாடுனா நான் ஏன் ஓடியாரேன்?"

பிறகு மதாம் ஸ்வரம் இருந்த இடத்தில் சொற்களை வைத்தார். தண்-ணி-வே-ணும்: கையின் நாலு அசைவுக்கு நாலு துண்டு. கை கீழே விழும்போது சொல்லும் விழுந்தது. மாட்டிக்கொள்ளவில்லை. சில மாதங்களில் வீட்டில் எல்லாவற்றையும் அவள் கையை ஆட்டித்தான் கேட்டாள். வீராம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மாவிடம் ஒரு காலையில் தானே போய் நின்று, கீழே, உள்ளே, வெளியே, மேலே என்று கையை ஓட்டி, "வவ்-வால்-வே-ணும்" என்றாள்.

மீன்காரம்மா கூடையை இறக்கியபடி, "இன்னாம்மா இது, உம் பொண்ணு மீன் வாங்க வந்துச்சா, கச்சேரி பண்ண வந்துச்சா?" என்றாள். பிறகு தன் கையையும் அதே மாதிரி ஆட்டி, "வவ்-வால்-இல்-ல. மத்-தி-இருக்-கு" என்றாள். என் மகள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் பிறகு அந்தம்மா வந்த நாளெல்லாம் இருவரும் தாளம் போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள்.

பேச்சு மட்டுமல்ல. முன்பெல்லாம் கேட்டது உடனே கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுகிறவள், முன்னால் நிற்கிற பிள்ளை பாடி முடிக்கும்வரை காத்திருந்து தன் முறை வந்ததும் தொடங்கப் பழகியதால், வீட்டிலும் காத்திருந்தாள். தம்பி அழுதால் அது பசி அழுகையா தூக்க அழுகையா என்று அம்மாவுக்கு முன்பே சொல்வாள். கூர்ந்து கேட்பது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. ஆறு வயதாகும்போது கையும் அடங்கிக்கொண்டு வந்தது. தெரிந்தவர்களிடம் பேசும்போது ஆள்காட்டி விரல் மட்டும் பாவாடையின் மேல் லேசாகத் தட்டும். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. புது ஆள் வந்தால்தான் முழுக் கையும் வெளியே வரும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் மேலதிகாரியை வீட்டுக்கு அழைத்திருந்தேன். சென்னைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகள் வரத் தொடங்கியிருந்தன. நான் அகராதியை மேசை இழுப்பறையில் மறைத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்த காலம். அவர் கேக்கைக் கடித்துக்கொண்டே என் மகளிடம் பெயர் கேட்டார். அவள் எழுந்து நின்று, கையை நன்றாக வீசித் தாளம் போட்டு, தன் பெயரையும் என் பெயரையும் தெளிவாகச் சொன்னாள்.

"என்ன மிஸ்டர், பொண்ணை டிராஃபிக் போலீஸ்ல சேக்கப் போறீங்களா?" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

ஊரில் அப்போது ஓர் ஆங்கிலப் பள்ளியில் இடம் பிடிக்க என்னைப் போன்றவர்கள் அலைந்துகொண்டிருந்தோம். பிரெஞ்சு படித்ததற்கு நான் பட்ட அவமானத்தைப் பிள்ளைகள் படக்கூடாது என்று நினைத்தேன். பள்ளி முதல்வர் பிள்ளையை நேரில் பார்த்துத்தான் சேர்ப்பார். அங்கே போய் இவள் கையை வீசிக்கொண்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மதாமிடம் போய், இனி அனுப்பப் போவதில்லை என்றேன்.

"முசியே, கை தானா உள்ள போயிடும். பாதி போயிடுச்சு, நீங்களே பாக்கறீங்க. இன்னும் ஒரு வருஷம் குடுங்க."

"பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க மதாம்."

"கையப் பாத்து சிரிக்கிறவன் ஒரு நாள் சிரிப்பான். வாய் வராம நின்னா தெனமும் சிரிப்பான்."

"கைய ஆட்டறது, தோ ரே மி, இதெல்லாம் போன கவர்மெண்டோட போச்சு மதாம். இனிமே இங்க யாருக்கு வேணும்?"

அவர் எழுந்துகொண்டார். கதவுவரை வந்து வழியனுப்பினார். எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் பலர் செய்த தவறுதான் இது. போனவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள் என்று பார்க்காமல், அவர்கள் வாசனை பட்டதையெல்லாம் அவசரமாகத் துடைத்தோம். மற்றவர்கள் துடைத்தது பெயர்ப் பலகைகளை.

பெரியவர்கள் முன்னால் கைகட்டி நிற்பது நம் வழக்கம். மரியாதை என்போம். அதையே நான் கருவியாக்கினேன். அலுவலகம் விட்டு வந்ததும் மகளை எதிரே நிறுத்தி, இரண்டு கையையும் மார்பில் கட்டச் சொல்லி, ஆங்கிலத்தில் பெயர் கேட்பேன். கை அவிழ்ந்தால் மரஸ்கேலால் முழங்கையில் தட்டுவேன். தட்டுவேன் என்று எழுதுகிறேன், அடித்தேன். பலமாக இல்லை என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். மூன்று மாதம், ஞாயிறு தவிர எல்லா நாளும். என் மனைவி அந்த நேரத்தில் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

பள்ளி முதல்வரின் அறையில் அவள் நன்றாகவே கைகட்டி நின்றாள். அவர் நல்ல மனிதர். குனிந்து மெதுவாகப் பெயர் கேட்டார். அவள் உதடு குவிந்தது, நின்றது. அவர் காத்திருந்தார். அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். கட்டிய கைக்குள், அக்குளுக்கடியில், அவளுடைய ஆள்காட்டி விரல் தட்டத் தொடங்கியிருந்தது. ஒன்று, இரண்டு. இன்னும் இரண்டு தட்டு விட்டிருந்தால் பெயர் வந்திருக்கும். நான் அவள் தோளை அணைப்பதுபோல் கையை நீட்டி அந்த விரலை அமுக்கிப் பிடித்தேன். விரல் நின்றது. அவள் வாய் மூடிக்கொண்டது.

அந்த அறையில் அதைப் பார்த்தவர் எவருமில்லை. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை. மறு வருஷம் ஒரு வகுப்பு கீழே சேர்த்துக்கொண்டார்கள். அவள் படித்தாள், நன்றாக எழுதினாள். ஆனால் பள்ளியில் பேசவில்லை. வீட்டிலும் அம்மாவிடமும் தம்பியிடமும் தவிர மற்றவரிடம் தலையாட்டலோடு சரி. மீன்காரம்மா வாசலில் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா, பாப்பாவுக்கு என் மேல கோவமா?" என்று கேட்டாள். உறவினர்கள், "எவ்ளோ அடக்கமான பொண்ணு" என்று என்னைப் பாராட்டினார்கள். பாராட்டை ஏற்றுக்கொண்டேன். இப்படி ஐந்து வருஷம்.

அறுபத்திரண்டில் ஊரெங்கும் ஒரே பேச்சு: யார் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுக்கிறார்கள், யார் இங்கேயே இருக்கிறார்கள் என்று. மதாம் பிரான்சில் இருந்த தன் தங்கையிடம் போய்விட முடிவெடுத்தார். செய்தி கேட்ட அன்று என் மனைவி சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"அந்தம்மா கப்பல் ஏற அஞ்சு மாசம் இருக்குதாம். போயி கேளுங்க."

"நீ போயி கேளேன்."

"நான் எதுக்குப் போவணும்? நிறுத்துனது நானா?"

மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினொன்று. மதாம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "போடு பாக்கலாம்" என்றார். அவள் பழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டாள். மதாம் தானே ஒருமுறை போட்டுக் காட்டினார். அவள் கை வரவில்லை. என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

மதாம் என் பக்கம் திரும்பினார். "முசியே, இங்க வாங்க. நீங்க போடுங்க."

"நானா?"

"நீங்கதான். அவ பாக்கட்டும்."

இஸ்திரி போட்ட கால்சட்டையும் அலுவலகச் சட்டையுமாக, முப்பதைத் தாண்டிய ஆள், அந்தக் கூடத்தில் என் மகளுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினேன். கீழே, வெளியே, உள்ளே, மேலே. தப்பு என்றார் மதாம். மறுபடி. மறுபடியும் தப்பு. கை என்னுடையதாகவே இல்லை. வியர்த்தது. நாலாவது முறை தப்பியபோது பக்கத்திலிருந்து மூக்கால் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இ... இல்லப்பா," என்றாள் அவள். கட்டிய கை அவிழ்ந்திருந்தது. "ரெண்-டா-வது-உள்-ள-வ-ரும்." கையை வீசி எனக்குக் காட்டினாள். பதினொரு வயதுக் கை, நாலு வயதில் கற்றதை அப்படியே வைத்திருந்தது.

அந்த ஐந்து மாதமும் ஒரு வாரம்கூடத் தவறாமல் அனுப்பினேன். மதாம் புறப்படுவதற்கு முன் என்னிடம் உள்ளதைச் சொன்னார்: காது கெடவில்லை, பேச்சு ஓரளவு வரும், ஆறு வயதில் நிறுத்தாமல் இருந்திருந்தால் முழுதாகப் போயிருக்கக்கூடிய திக்கல் இனி முழுதாகப் போகாது. அவர் சொன்னபடியே ஆயிற்று. அவள் வகுப்பில் பேசத் தொடங்கினாள். ஆனால் புது ஆட்கள் முன்னால் இன்றுவரை முதல் எழுத்தில் நிற்கிறாள்.

அவள் மறுபடி பாடத் தொடங்கிய அந்த முதல் நாள், பாடம் முடிந்து பெரிய வாய்க்கால் ஓரமாக நாங்கள் இருவரும் நடந்து வந்தபோது அவள் கேட்டாள்: "அப்பா, அப்ப ஏன் என் வெ... வெரலப் புடிச்ச?"

அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால்தான் பிடித்தேன், அது என் தப்பு என்றேன்.

அவள் விரல் பாவாடையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் தா-ளம்-தப்-பாப்-போட்-டுட்-டேன்னு நெனச்-சிக்-கினு இருந்-தேன்" என்றாள்.