கருத்தரங்கப் பை

பாளையங்கோட்டைக் கருத்தரங்கு முடிந்து, நானும் சக பேராசிரியரும் சீவலப்பேரி பஸ்ஸுக்காக நின்றோம். அதிகாரம் கண்ணுக்குத் தெரியாமல்தான் இயங்கும் என்பது அவர் வாசித்த கட்டுரை. என் காது புளித்த பிறகும் விளக்குவதை விடவில்லை. பஸ் வந்து நிற்பதற்குள், ‘பண்பாடும் அதிகாரமும்’ என்று அச்சடித்துக் கொடுத்த பையை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் வீசினார். முண்டியடித்து ஏறிப் பார்த்தால், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பையை ஓரமாக நகர்த்திவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தாள்.

“பை கெடக்கது தெரியலையா? எந்திரிம்மா.”

அவள் பிள்ளையோடு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் பையைத் தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “எங்கன வே விட்டேன்?”

“அதிகாரம் கண்ணுக்கே தெரியாதுன்னு சொன்னீரு,” என்றேன். “அங்கனதான் விட்டீரு.”